லைப்சிக் போலீஸ் நிலையத்தில் வாயடைத்து நின்றேன்: ஜெர்மனில் புகார் சொல்லப் பழகுவது எப்படி?

கேள்வி: வணக்கம் டீச்சர். எனக்கு நாகர்கோவில் பக்கம். ஜெர்மன் மொழியில் பி2 நிலைத் தேர்வு முடித்துவிட்டு, ஜெர்மனியில் லைப்சிகில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். போன மாதம் நைட் டூட்டிக்குப் போகும் வழியில், டிராமில் யாரோ என் முதுகுப்பையின் ஜிப்பைத் திறந்து பர்ஸை எடுத்துவிட்டார்கள். நாற்பது யூரோ, பேங்க் கார்டு, மருத்துவமனை அடையாள அட்டை எல்லாம் அதில்தான் இருந்தன. மறுநாள் போலீஸ் நிலையத்துக்குப் போனேன். சொல்ல வேண்டியதை எழுதி மனப்பாடம் செய்துகொண்டுதான் போனேன். "இஷ் வுர்ட இன் டேர் ஷ்ட்ராஸன்பான் ஔஸ்கெரௌப்ட்" என்று முதல் வரியைச் சொன்னதுமே அந்த அதிகாரி குறுக்கிட்டு வேகமாக என்னவோ கேட்டார். அதோடு எல்லாமே மறந்துவிட்டது. இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தவள்தான், இன்னும் போகவில்லை. நாள் முழுக்க நோயாளிகளிடம் ஜெர்மன்தான் பேசுகிறேன். அங்கே மட்டும் ஏன் வாய் வரவில்லை? என்னோடு தங்கியிருக்கும் இரண்டு பேருக்கும் இதே பயம். இதை எப்படிப் பழகுவது? பேசாமல் இங்கிலீஷிலேயே சொல்லிவிடலாமா?
(ஒரு வாசகி, லைப்சிக்)

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் புகாரைக் கொடுத்துவிடுங்கள். ஒரு மாதம் ஆகிவிட்டதே, இனிமேல் எடுப்பார்களா என்ற தயக்கம் வேண்டாம். எடுப்பார்கள். "ஏன் இவ்வளவு நாள்?" என்று கேட்டால், "வந்தேன், எனக்குச் சொல்லத் தெரியவில்லை" என்று உள்ளதைச் சொல்லலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அன்றைக்கு என்ன நடந்தது என்பதை உங்கள் கடிதத்தின் ஒரு வரியே காட்டிக்கொடுத்துவிடுகிறது. நீங்கள் மனப்பாடம் செய்த முதல் வாக்கியத்தில் இலக்கணப் பிழை கிடையாது. ஆனால் அது வேறு குற்றத்தைப் பற்றிய வாக்கியம். ஔஸ்கெரௌப்ட் என்றால் அடித்தோ மிரட்டியோ பிடுங்கிக்கொண்டார்கள் என்று பொருள். அதைக் கேட்ட எந்தப் போலீஸ்காரரும் உடனே கேட்கக்கூடியது, "உங்களுக்குக் காயம் ஏதும் உண்டா? மிரட்டினார்களா? எத்தனை பேர்?" என்பதுதான். அவர் குறுக்கிட்டது உங்கள் ஜெர்மனைப் பார்த்து அல்ல, உங்கள் நிலைமையை நினைத்துப் பதறித்தான் என்று தோன்றுகிறது. நீங்களோ "எப்போது, எங்கே" என்று கேட்பார் என எதிர்பார்த்துப் போயிருக்கிறீர்கள். கேட்டது காதில் விழுந்தும் பிடிபடாமல் போனதற்குக் காரணம் அதுதான்.

இங்கிலீஷில் "ஐ வாஸ் ராப்ட்" என்று நாம் எதற்கெடுத்தாலும் சொல்லிப் பழகிவிட்டோம். ஜெர்மன் சட்டத்தில் டீப்ஷ்டால் என்கிற திருட்டு தனி, ரௌப் என்கிற வழிப்பறி தனி. குற்றவியல் சட்டத்தில் முன்னது 242ஆம் பிரிவு, பின்னது 249ஆம் பிரிவு. தண்டனையும் வேறு, விசாரிக்கிற முறையும் வேறு. தெரியாமல் ஜிப்பைத் திறந்து எடுத்தது திருட்டு. உங்களுக்கான வரி இவ்வளவுதான்: "மைன் போர்ட்மொனே வுர்ட கெஷ்டோலன்." என் பர்ஸ் திருடப்பட்டது. அதற்கு முன்னால் "இஷ் மொஷ்ட ஐன அன்ட்ஸைக எர்ஷ்டட்டன்", அதாவது புகார் கொடுக்க வந்திருக்கிறேன் என்று ஒரு வரி. மனப்பாடம் இந்த இரண்டு வரிகளோடு நிற்கட்டும். மூன்றாவது வரியை மனப்பாடம் செய்ய வேண்டாம் என்றே சொல்வேன்.

ஏன் என்றால், நம் ஊரில் புகார் என்பது மனு. "மேற்படி தேதியில், மேற்படி இடத்தில், நான் வேலைக்குச் சென்றுகொண்டிருந்தபோது" என்று தொடங்கி முழுக் கதையையும் எழுதி நீட்டுவோம், சி.எஸ்.ஆர். ரசீது வாங்குவோம். கதையை எங்கே தொடங்குவது, எதை எந்த வரிசையில் சொல்வது என்பதெல்லாம் நம் கையில். ஜெர்மனியில் அதிகாரிக்கு முன்னால் கணினியில் ஒரு படிவம் திறந்திருக்கும். அதன் கட்டங்களை நிரப்புவதற்காக அவர் கேட்கிறார். உங்கள் கதையின் வரிசை அவருக்குத் தேவையில்லை. நீங்கள் டிராமில் ஏறிய இடத்துக்கே இன்னும் வந்திருக்கமாட்டீர்கள், அதற்குள் "பர்ஸ் என்ன நிறம்?" என்று வந்து நிற்பார். மனப்பாடம் செய்தவர்களுக்கு அந்த இடத்தில்தான் நூல் அறுந்துபோகிறது. மருத்துவமனையில் உங்களுக்கு ஏன் தடுமாற்றம் வருவதில்லை என்று யோசித்துப் பாருங்கள். அங்கே கேள்வி கேட்பவர் நீங்கள். வலி எங்கே, எப்போதிலிருந்து, மாத்திரை போட்டீர்களா என்று பேச்சை நடத்திக்கொண்டு போவது நீங்கள்தான். போலீஸ் நிலையத்தில் நீங்கள் நோயாளியின் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

அதனால் பயிற்சி என்பது பேசுவதற்கான பயிற்சியாக இருந்தால் பத்தாது. எந்தக் கேள்வி எந்த வரிசையில் வந்தாலும் சின்னதாக ஒரு பதில் சொல்லப் பழக வேண்டும். ஆறுதலான விஷயம், அந்தக் கேள்விகள் அதிகம் இல்லை. எந்த ஊர், எந்த அதிகாரி என்றாலும் சுற்றிச் சுற்றி இவைதான் வரும். கடைசியாக எப்போது அதைப் பார்த்தீர்கள்? இல்லை என்று எப்போது கவனித்தீர்கள்? அது எங்கே இருந்தது, பை மூடியிருந்ததா? உள்ளே என்னென்ன? மதிப்பு எவ்வளவு? யாரையாவது பார்த்தீர்களா? சாட்சி உண்டா? யார் மீதாவது சந்தேகமா?

இதில் முதல் கேள்வியை மட்டும் காது பழகும்வரை கேளுங்கள்: "வான் ஹாபன் ஸீ எஸ் ட்ஸுலெட்ஸ்ட் கெஸேயன்?" ட்ஸுலெட்ஸ்ட் என்ற சொல்லைத் தவறவிட்டால் "எப்போது பார்த்தீர்கள்?" என்று மட்டும் காதில் விழும். உடனே "திருடனை நான் பார்க்கவே இல்லை" என்று பதில் வரும். நன்றாகப் படிக்கிற மாணவிகளும் வகுப்பில் இந்த இடத்தில் வழுக்குவார்கள். அவர் கேட்பது கடைசியாகப் பர்ஸைப் பார்த்த நேரத்தை. அந்த நேரத்துக்கும், காணோம் என்று தெரிந்த நேரத்துக்கும் நடுவில் இருப்பதைத்தான் குற்றம் நடந்த நேரம் என்று படிவத்தில் போடுவார். "சரியாக எத்தனை மணிக்குத் திருடினார்கள்" என்று உங்களால் சொல்ல முடியாது, அதை அவரும் எதிர்பார்க்கவில்லை. "இத்தனை மணியிலிருந்து இத்தனை மணிக்குள்" என்றால் போதும்.

நேரத்தைச் சொல்லும்போது உங்கள் ஊரில் ஒரு வில்லங்கம் உண்டு. ஜெர்மனில் "ஹால்ப் அஹ்ட்" என்றால் ஏழரை என்று வகுப்பில் படித்திருப்பீர்கள். எட்டை நோக்கிப் பாதி வந்தாயிற்று என்ற கணக்கு. லைப்சிக் இருக்கும் சாக்சனி மாநிலத்தில் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோவார்கள். "ஃபியர்டல் அஹ்ட்" என்றால் ஏழேகால், "ட்ரைஃபியர்டல் அஹ்ட்" என்றால் ஏழேமுக்கால். புத்தகத்தில் படித்த பழக்கத்தில் எட்டேகால் என்று எடுத்துக்கொண்டீர்களானால் ஒரு மணி நேரம் தவறிப்போகும். டிராமின் கேமரா பதிவைப் பார்க்க நேர்ந்தால் அந்த ஒரு மணி நேரம் பெரிய விஷயம். எனவே நேரம் சொல்லும்போது 24 மணிக் கணக்கையே பிடித்துக்கொள்ளுங்கள்: "நொய்ன்ட்ஸேன் ஊர் ட்ரைஸிஷ்", 19.30. அவர் "ஹால்ப் அஹ்ட்?" என்று திருப்பிக் கேட்டால், பேசாமல் ஒரு தாளில் 19.30 என்று எழுதிக் காட்டிவிடுங்கள். எண்களையும் பெயர்களையும் எழுதிக் காட்டுவது அங்கே யாருக்கும் விசித்திரமாகத் தோன்றாது.

பெயர் இன்னொரு தொல்லை. நம் பெயர்களை ஒரு ஜெர்மானியர் கேட்டு எழுத வேண்டுமானால் எழுத்துக்கூட்டியே ஆக வேண்டும். அங்கே இங்கிலீஷ் எழுத்துக்களின் உச்சரிப்பு வாயில் வந்துவிட்டால் பெயரே மாறிவிடும். ஆங்கில அகர வரிசையின் முதல் எழுத்தை ஜெர்மனில் "ஆ" என்பார்கள். நீங்கள் பள்ளிப் பழக்கத்தில் "ஏ" என்று சொன்னால் அவர் ஐந்தாம் எழுத்தைப் போடுவார். நீங்கள் "ஈ" என்றால் அவருக்கு அது ஒன்பதாம் எழுத்து. "லட்சுமி" என்ற பெயர் அடையாளம் தெரியாமல் போக இவ்வளவு போதும். அந்தப் பெயர் வங்கியிலும் இன்சூரன்ஸிலும் உள்ள பெயரோடு பொருந்தாவிட்டால் அப்புறம் அலைச்சல்தான். உங்கள் பெயர், அப்பா பெயர், தெருப் பெயர் மூன்றையும் ஜெர்மன் எழுத்து உச்சரிப்பில் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும் அளவுக்குப் பழகுங்கள். அடையாள அட்டை கையில் இருந்தால் அதையே நீட்டிவிடலாம் என்பது வேறு. ஆனால் பர்ஸ் போனவர்களிடம் அட்டை இருக்கும் என்று என்ன நிச்சயம்?

சரி, எப்படிப் பழகுவது என்பதற்கு வருகிறேன்.

இன்று இரவே உங்கள் முதுகுப்பையைக் கட்டிலில் கவிழ்த்துக் கொட்டுங்கள். ஒவ்வொரு பொருளாகக் கையில் எடுத்து நிறம், எதனால் செய்தது, எந்தக் கம்பெனி, எப்போது வாங்கியது, எவ்வளவு என்று ஜெர்மனில் சொல்லுங்கள். பாடப்புத்தகத்தில் போலீஸ் நிலைய உரையாடல் என்றால் எப்போதும் ஒரு சிவப்புக் கைப்பையும் ஒரு சாவிக்கொத்தும்தான் திருடுபோகும். உங்கள் பையில் இருப்பது டிபன் டப்பா, ஸ்டெதாஸ்கோப், பவர் பேங்க், ஊரிலிருந்து கொண்டுவந்த திருநீற்றுப் பொட்டலம் அல்லது ஜெபமாலை. இவற்றுக்கெல்லாம் சரியான சொல் தேடி அகராதியோடு மல்லுக்கட்ட வேண்டாம். "சின்ன உலோக டப்பா, வட்டமானது, சாப்பாட்டுக்கு" என்று விவரித்தால் போதும். சொல் தெரியாத பொருளை இப்படிச் சுற்றிவளைத்துச் சொல்லத் தெரிந்துவிட்டாலே பயத்தில் பாதி போய்விடும்.

நகை விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். கழுத்துச் சங்கிலி போனால் "மூன்று பவுன்" என்ற கணக்கு அங்கே யாருக்கும் புரியாது. பவுனுக்கு 8 கிராம், ஆக 24 கிராம் என்று சொல்ல வேண்டும். அடுத்தது தரம். ஜெர்மன் நகைக்கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது 333, 585, 750 முத்திரை. தங்கச் சங்கிலி என்று மட்டும் சொன்னால் கேட்பவர் மனதில் வருவது 585, அதாவது 14 கேரட். நம்முடையது 22 கேரட், 916. இந்த எண்ணைச் சொல்லாமல் விட்டால் மதிப்பு எங்கேயோ இறங்கிவிடும். வைத்திருக்கும் நகையை இப்போதே போட்டோ எடுத்து, கடை ரசீதின் படத்தையும் சேர்த்து வீட்டாருக்கு அனுப்பி வைத்துவிடுங்கள். போனுக்கு *#06# அடித்தால் வரும் ஐ.எம்.இ.ஐ. எண்ணையும், சைக்கிள் இருந்தால் அதன் ஃபிரேமில் பொறித்திருக்கும் எண்ணையும் அதே இடத்தில் எழுதி வையுங்கள். லைப்சிகில் சைக்கிள் திருட்டு எவ்வளவு என்று நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. சைக்கிள் போனால் போலீஸ் கேட்கும் முதல் விவரங்களில் அந்த ஃபிரேம் எண்ணும் ஒன்று.

அடுத்து, நீங்கள் மூன்று பேர் இருக்கிறீர்கள் என்பது பெரிய வசதி. ஒருத்தி புகார் கொடுப்பவள், ஒருத்தி போலீஸ், மூன்றாமவள் பார்த்துக்கொண்டிருப்பவள். போலீஸாக இருப்பவளுக்குச் சில நிபந்தனைகள் உண்டு. தோழி என்ற பாசம் கூடாது. தலையாட்டி உற்சாகப்படுத்தக் கூடாது. மேலே சொன்ன கேள்விகளைத் துண்டுச்சீட்டுகளில் எழுதிக் குலுக்கி, வந்த வரிசையில் கேட்க வேண்டும். பாதி பதிலில் குறுக்கிட வேண்டும். முக்கியமாக, ஒவ்வொரு பதிலுக்குப் பிறகும் எதுவும் பேசாமல் லேப்டாப்பில் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த மௌனம்தான் ஆளைக் கொல்கிறது. அவர் தட்டச்சு செய்கிறார், அவ்வளவுதான். ஆனால் நமக்கோ சொன்னது புரியவில்லையோ, நம்பவில்லையோ என்று தோன்றி, கேட்காததையெல்லாம் உளறிக்கொட்ட ஆரம்பித்துவிடுவோம். மௌனத்தில் சும்மா நிற்பதையும் பழக வேண்டியிருக்கிறது.

உட்கார்ந்து பழகாதீர்கள். நின்றுகொண்டு, நடுவில் கதவை முக்கால்வாசி சாத்திவைத்துப் பேசிப் பாருங்கள். பல நிலையங்களில் முதல் பேச்சு கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து ஒலிபெருக்கி வழியாகத்தான் வரும். குரல் கரகரக்கும், வாயசைவு சரியாகத் தெரியாது. பின்னால் இன்னொருவர் காத்திருப்பார். இந்த இடைஞ்சல் எதுவும் இல்லாமல் வீட்டுச் சோபாவில் சரளமாகப் பேசுவது அங்கே கைகொடுக்காது.

சாக்சன் பேச்சுக்கும் காதைத் தயார்படுத்த வேண்டும். அவர்கள் வல்லெழுத்துக்களை மெலித்துவிடுவார்கள். கார்டு என்பதற்கான "கார்ட்ட" என்ற சொல்லின் முதல் எழுத்து, அவர்கள் வாயில் 'தங்கம்' என்பதில் வரும் 'க' மாதிரி மெலிந்து ஒலிக்கும். மற்ற இந்தியர்கள் இதைப் பெரிய குறையாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். ஒரே 'க'வை வைத்துக்கொண்டு கடலையும் தங்கத்தையும் எழுதுகிற நாம் இதற்கெல்லாம் அசரலாமா? உங்கள் வார்டில் இருக்கும் வயதான நோயாளிகளே இதற்கு நல்ல ஆசிரியர்கள். யாராவது ஒரு பாட்டியிடம் "உங்களுக்கு எப்போதாவது ஏதாவது திருடுபோயிருக்கிறதா?" என்று கேட்டுப் பாருங்கள். அரை மணி நேரம் நிறுத்தாமல் பேசுவார். தேவையான சொல் அத்தனையும் அதில் வந்துவிடும்.

ஒத்திகையில் பார்த்துக்கொண்டிருக்கும் மூன்றாமவள் இலக்கணப் பிழையைக் குறிக்க வேண்டாம். எந்த இடத்தில் நீங்கள் பார்க்காததைப் பார்த்த மாதிரி சொன்னீர்கள் என்பதைக் குறிக்கட்டும். அந்நிய மொழியில் பேசும்போது நாம் செய்யும் பெரிய தவறு இதுதான் என்பது என் கருத்து. "தெரியாது" என்று சொன்னால் மொழி தெரியாதவள் என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சத்தில், தெரிந்த சொற்களை வைத்து ஒரு பதிலைக் கட்டிவிடுகிறோம். "உயரமானவரா?" என்று கேட்டால் "யா" என்று வாய் தானாகச் சொல்லிவிடும். "பக்கத்தில் நின்றவர்தானா?" "யா." அப்புறம் அது வாக்குமூலத்தில் ஏறி, யாரோ ஒரு பாவப்பட்ட ஆளின் தலையில் போய் விடியும். அதனால் "தாஸ் வைஸ் இஷ் நிஷ்ட்" (அது எனக்குத் தெரியாது), "தாஸ் ஹாப இஷ் நிஷ்ட் கெஸேயன்" (அதை நான் பார்க்கவில்லை) என்ற இரண்டையும் நிதானமாக, தலைநிமிர்ந்து, மன்னிப்புக் கேட்காத குரலில் சொல்லிப் பழகுங்கள்.

சந்தேகம் யார் மீது என்ற கேள்விக்கும் இதேதான். ஒருவர் உங்கள் பின்னால் ஒட்டி நின்றார் என்றால் அதை மட்டும் சொல்லுங்கள்: நின்றார், கறுப்பு ஜாக்கெட், தொப்பி, எந்த நிறுத்தத்தில் இறங்கினார். முகத்தைப் பார்த்து அவர் எந்த நாட்டுக்காரர் என்று ஊகித்துச் சொல்லாதீர்கள். நாளைக்கு நம்மைப் பார்த்தும் அப்படி யாராவது ஊகிப்பார்கள். அதேபோல, பர்ஸ் திருடுபோனதா, எங்கேயாவது விழுந்துவிட்டதா என்று உங்களுக்கே நிச்சயமில்லை என்றால் அதையும் அப்படியே சொல்லிவிடுங்கள். நடக்காத குற்றத்தை நடந்ததாகத் தெரிந்தே புகார் கொடுப்பது ஜெர்மனியில் தனிக் குற்றம். இன்சூரன்ஸ் கிடைக்கும் என்பதற்காகத் தொலைந்ததைத் திருட்டு என்றும், திருட்டை வழிப்பறி என்றும் சொல்லச் சொல்லிக்கொடுக்கும் 'அனுபவசாலிகள்' எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். காது கொடுக்காதீர்கள்.

வாக்கிய அமைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. பி2 தேர்வில் "வைல்", "ஓப்வோல்" என்று இணைப்புச் சொல் போட்டு நீளமாகப் பேசினால் மதிப்பெண் உண்டு. நாங்களே அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறோம். போலீஸ் நிலையத்தில் அதையெல்லாம் மூட்டைகட்டி வையுங்கள். வினைச்சொல்லைக் கடைசியில் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் பதற்றத்தில் பாதி வழியிலேயே நின்றுவிடுவோம். டிராமில் ஏறினேன். பை முதுகில் இருந்தது. ஜிப் மூடியிருந்தது. மருத்துவமனை வாசலில் அட்டையை எடுக்கப் போனேன். ஜிப் திறந்திருந்தது. பர்ஸ் இல்லை. இப்படி ஐந்தாறு குட்டி வாக்கியங்கள். தட்டச்சு செய்பவருக்கும் இதுதான் சௌகரியம்.

எல்லாம் முடிந்ததும் அச்செடுத்துப் படித்துக் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். உங்கள் வாயிலிருந்து வந்த வாக்கியங்கள் அதில் இருக்காது. நீங்கள் "கெஷேடிக்ட", அதாவது பாதிக்கப்பட்டவர் ஆகியிருப்பீர்கள். "பாதிக்கப்பட்டவர் தெரிவித்ததாவது" என்று படர்க்கையில் அலுவலக ஜெர்மனில் ஓடும். மிரள வேண்டாம். தேதி, நேரம், பொருள் பட்டியல், பார்த்ததாக எழுதியிருப்பது, இந்த நாலு இடத்தை மட்டும் விரல் வைத்துப் பாருங்கள். புரியாத வரியில் கைவைத்து "இது என்ன?" என்று கேளுங்கள். தவறு இருந்தால் திருத்தச் சொல்லலாம். பின்னால் ஆள் நிற்கிறார் என்று அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். இதையும் ஒத்திகையில் சேருங்கள்: போலீஸாக நடிப்பவள் வேண்டுமென்றே ஒரு தகவலை மாற்றி எழுதட்டும், நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும்.

அந்த நேரத்தில் "ஷ்டெலன் ஸீ ஷ்ட்ராஃப்அன்ட்ராக்?" என்று ஒரு கேள்வி வரலாம். புகார்தான் கொடுத்தாயிற்றே, மறுபடி என்ன என்று குழம்ப வேண்டாம். சிறு தொகைத் திருட்டில், குற்றவாளி மீது நடவடிக்கை வேண்டும் என்று பாதிக்கப்பட்டவரே தனியாகக் கேட்டால்தான் பொதுவாக வழக்கு மேலே நகரும். உங்கள் நாற்பது யூரோ அந்த வகையில் வரக்கூடியதுதான். "யா" என்று சொல்லிக் கையெழுத்துப் போடுங்கள். இதற்கு மூன்று மாதக் கெடு உண்டு. அதுவும் திருடியது யார் என்று உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்துதான் ஓட ஆரம்பிக்கும் என்பதால் நீங்கள் தாமதமாகிவிடவில்லை.

இங்கிலீஷில் பேசலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகக் கேட்டுப் பார்க்கலாம். சொல்லப்போனால், மொழி தெரியாத பாதிக்கப்பட்டவருக்குத் தமக்குப் புரியும் மொழியில் புகார் கொடுக்க உதவி கிடைக்க வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் 2012ஆம் ஆண்டு நெறிமுறை. ஜெர்மன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 158ஆம் பிரிவிலும் அது இருக்கிறது. புகார் கொடுத்ததற்கான சான்றை உங்களுக்குப் புரியும் மொழியில் கேட்டுப் பெறவும் வழி உண்டு. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் அன்றே கிடைப்பது கஷ்டம். உங்கள் பர்ஸுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, பி2 ஜெர்மனே தாராளம்.

ஆனால் ஒன்று. யாராவது அடித்தார்கள், மிரட்டினார்கள், உடம்பில் கைவைத்தார்கள், பின்தொடர்ந்தார்கள் என்றால், அங்கே ஜெர்மன் பேசிப் பார்க்கும் ஆசையே வேண்டாம். முதல் வார்த்தையே மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்பதாக இருக்கட்டும். அப்படிப்பட்ட வழக்கில் ஒரு சொல்லின் நிறம் மாறினாலும் விளைவு பெரிது. உடன் வேலை செய்யும் தோழியை மொழிபெயர்க்கச் சொல்வதும் அங்கே நல்லதல்ல.

நேரில் போகவே பிடிக்கவில்லை என்றால் மாநிலப் போலீஸின் "ஓன்லைன்வாஹ" என்ற இணையப் பக்கத்தில் புகார் கொடுக்கலாம். பயத்தை வென்றே தீர வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆற அமர நிரப்பலாம். நேரில் போவதாக இருந்தாலும் முன்னாடியே அந்தப் படிவத்தைத் திறந்து, அனுப்பாமல், கேள்விகளை மட்டும் படித்துப் பாருங்கள். அதிகாரியின் திரையில் இருப்பதும் ஏறக்குறைய அதுதான். இதைவிட நல்ல பாடப்புத்தகம் எனக்குத் தெரியாது. ரயிலிலோ ரயில் நிலையத்திலோ நடந்தால் அங்கே இருப்பது ஃபெடரல் போலீஸ் என்கிற புண்டஸ்போலிட்ஸை. டிராம், தெரு, கடை எல்லாம் மாநிலப் போலீஸ். மாறிப் போய்விட்டால் கவலைப்பட வேண்டாம், எந்த நிலையத்திலும் புகாரை வாங்கிக்கொள்வார்கள். திருடன் கண்ணெதிரே ஓடிக்கொண்டிருந்தால் மட்டும் போலீஸின் அவசர எண்ணான 110.

பேங்க் கார்டை அன்றே முடக்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். உங்கள் தோழிகளுக்காகச் சொல்கிறேன்: போலீஸுக்குப் போகும் முன்பே 116 116 என்ற எண்ணை அழைக்க வேண்டும். பெரும்பாலான வங்கிகளின் கார்டை அதில் முடக்கலாம். ஆனால் அதோடு வேலை முடியவில்லை. ஜெர்மன் கடைகள் சிலவற்றில் பின் எண் கேட்காமல் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு கணக்கிலிருந்து பணம் எடுக்கும் முறை இன்னும் இருக்கிறது. 116 116 அதைத் தடுக்காது. அதற்குத்தான் கூனோ என்று ஒரு ஏற்பாடு. போலீஸ் மூலமாகத் திருட்டுக் கார்டின் விவரம் கடைகளுக்குப் போகும். புகார் கொடுக்கும்போது "கூனோவில் பதிவு செய்யுங்கள்" என்று நீங்கள்தான் கேட்க வேண்டும். ஐபான் என்கிற வங்கிக் கணக்கு எண்ணும் கார்டின் வரிசை எண்ணும் தேவைப்படும். வரிசை எண் வங்கியில் கிடைக்கும். இந்த ஒரு மாதத்துக் கணக்கு விவரத்தை வரிவரியாகப் பாருங்கள். நீங்கள் செய்யாத செலவு இருந்தால் அதையும் புகாரில் சேர்க்க வேண்டும். மருத்துவமனை அட்டை கதவு திறக்கும் அட்டை என்றால் வார்டு பொறுப்பாளரிடம் இதற்குள் சொல்லியிருப்பீர்கள். இல்லையென்றால் இந்தக் கடிதத்தை மூடிவிட்டு முதலில் அதைச் செய்யுங்கள்.

பாஸ்போர்ட்டோ தங்கும் உரிமை அட்டையோ போயிருந்தால் வேலை இன்னும் கூடும். அட்டைக்கு அங்குள்ள வெளிநாட்டவர் அலுவலகம், பாஸ்போர்ட்டுக்கு இந்தியத் தூதரகம். இரண்டு இடத்திலும் போலீஸ் புகாரின் சான்றைக் கேட்பார்கள். நல்லவேளை, நீங்கள் அவற்றைப் பர்ஸில் வைத்துக்கொண்டு திரியவில்லை.

புகார் கொடுத்த பிறகு சான்றுத்தாளில் "ஃபோர்காங்ஸ்நும்மர்" என்று ஒரு எண் இருக்கும். அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இனிமேல் யார் கேட்டாலும் அந்த எண்தான். சில வாரமோ சில மாதமோ கழித்து அரசு வழக்கறிஞர் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வரலாம். முழுக்கச் சட்ட ஜெர்மனாக இருக்கும். அதில் "ஐன்கெஷ்டெல்ட்" என்ற சொல் கண்ணில் பட்டால், திருடியவர் யார் என்று தெரியாததால் வழக்கை நிறுத்திவைத்திருக்கிறார்கள் என்று பொருள். பர்ஸ் திருட்டில் பெரும்பாலும் இப்படித்தான் முடியும். உங்கள் மேல் ஏதோ நடவடிக்கை என்று பயந்துவிடாதீர்கள். பதில் எழுத வேண்டியதும் இல்லை. புகார்ச் சான்றோடு சேர்த்துக் கோப்பில் போட்டு வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஜெர்மன் டீச்சர்